மாட்டேன் என்று சொல்லாதவள்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. இரைச்சல் போடும் பெரிய மெஷின்களுக்கு நடுவே பாதி ஆயுளைக் கழித்ததில் அவள் தொண்டையே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. புருஷன் பிரிந்துபோன பிறகு தங்கை குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அதைப் பார்த்தவர்கள் குறைவு.

ஊர்ப் பெண்களுக்கு நடத்தும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஊழியர்களுக்கும் உண்டு என்று அறிவித்தபோது மற்ற பெண்கள் தயங்கினார்கள். இவள்தான் முதலில் போய் நின்றாள்.

"இதுல என்னடி வெக்கம்? மெஷின்தானே பாக்குது" என்று நாலைந்து பேரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஏதாவது இருந்தால் கூப்பிடுவோம் என்றார்கள். அழைப்பு எதுவும் வரவில்லை. ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

அடுத்த வருடம் குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தங்கையோடு அதே ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனாள். அந்த அம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"போன வருஷமே சந்தேகம்னு வந்திருக்கு. மறுபடி டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டப்ப ஏன்மா வரமாட்டேன்னீங்க?"

"நானா? யாரு கூப்பிட்டா?"

"'மறுத்துவிட்டார்'னு போட்டிருக்கே."

தங்கை அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்க்கா, எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல?"

கட்டியைவிட அந்தக் கேள்விதான் அவளுக்கு வலித்தது. அறுவை சிகிச்சையில் ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏறியது, முடி கொட்டியது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "அப்பவே போயிருக்கலாம்ல" என்று ஆறுதல் மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நடமாட முடிந்ததும் மூன்றாம் மாடியில் இருந்த பரிசோதனைத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, அவள் பதிவைத் திறந்து பார்த்தார். அழைப்புகள் எல்லாமே பகலில் போயிருந்தன. அந்த நேரத்தில் அவள் கீழே மெஷின்களோடு இருந்திருப்பாள். அங்கே டவர் கிடைக்காது.

"மூணு தடவ லைன் கிடைக்கலேன்னா மறுத்துட்டாங்கன்னு சிஸ்டம் தானா போட்டு மூடிடும்மா. நாங்க யாரும் கைவைக்கல."

அவள் குரல் இறங்கியது. "நான் வேல செய்யறதும் இதே கட்டடம்தான் சார். உங்க ஜன்னல்ல தொங்குற திரைய நாங்கதான் துவைக்கறோம். ஒரு ஆளு லிஃப்டுல கீழ வந்திருந்தா போதும்."

"எத்தன ஆயிரம் பேரு இருக்காங்க. எல்லாரையும் தேடிப் போக முடியுமாம்மா?"

"முடியலன்னா, முடியலன்னு போடுங்க. நான் மாட்டேன்னேன்னு எதுக்குப் போடறீங்க?"

போன் செய்யும் வேலையில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"மறுத்தவங்கள நிலுவையில காட்ட வேண்டியதில்லக்கா. மாசக் கடைசி ரிப்போர்ட்டு நல்லா வரும்."

அதிகாரி அந்தப் பெண்ணை முறைத்தார். பிறகு இவள் பக்கம் திரும்பி, "உங்க பதிவ நான் திருத்திடறேன். அரசாங்கத்தோட புற்றுநோய்ப் பதிவேட்டுக்கும் நீங்க மறுத்ததாத்தான் போயிருக்கு, அதையும் மாத்தச் சொல்றேன்" என்றார்.

"என்னோடது மட்டுமா? மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

மறுநாள் சலவைப் பிரிவே அவளோடு தலைமை மருத்துவர் அறைக்கு வெளியே நின்றது. வரமாட்டேன் என்றீர்களே என்று கேட்ட அந்த டாக்டர் அம்மாளும் புகாரில் கையெழுத்துப் போட்டார். தங்கையும் கூட வந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர், அலுவலகம் கேட்டபடிதான் செய்து கொடுத்தோம் என்றார். அலுவலகம், கம்பெனி கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டோம் என்றது. இப்படிப் பந்தை மாற்றி மாற்றி உருட்டியே மாதங்களை ஓட்டினார்கள். மருந்து ஏற்றிக்கொண்ட கையோடு அவள் ஒவ்வொரு வாரமும் மூன்றாம் மாடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

கடைசியில் சிஸ்டத்தில் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்று தனியாக ஒன்றைச் சேர்த்தார்கள். அப்படிப் போட்டால் பதிவு மூடாது, ஆள் நேரில் போயாக வேண்டும். மூடிய பழைய பதிவுகளையும் திறந்து மறுபடி போன் செய்தார்கள். பலர் உடனே கிளம்பி வந்தார்கள்.

ஒரு நாள் அவள் அங்கே இருந்தபோது, போன் செய்த பெண் பேச்சை நிறுத்திவிட்டு ரிசீவரை மெதுவாக வைத்தாள். எடுத்தது மகனாம். அம்மா போய்ச் சேர்ந்து நாளாயிற்றாம்.

"சார், இவங்க பழைய பதிவு மறுத்துட்டாங்கன்னே இருக்கட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இனிமே அத மாத்தி என்னம்மா ஆகப்போகுது" என்றார் அதிகாரி.

மைக் அக்கா எழுந்து அவர் மேஜைக்கு எதிரில் போய் நின்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அவங்களும் மாட்டேன்னு சொல்லல சார். மாத்துங்க."

அவர் மாற்றும்வரை அங்கேயே நின்றாள்.