கிலுகிலுப்பையும் கைக்குட்டையும்

எட்டாவது வரை படித்தவன் ஒரு பேராசிரியரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஐம்பதுகளில் திருச்சியில் ஒரு கல்லூரித் தோட்டத்துக்கு நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் அங்கே விலங்கியல் பேராசிரியர். மடிப்புக் கலையாத கோட்டு, பளபளக்கும் ஷூ. எந்த இலையைத் தொட்டாலும் உடனே கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். பெட்டி பெட்டியாகக் குண்டூசி குத்திய பட்டாம்பூச்சிகள் வைத்திருந்தார். உயிருள்ள ஒன்றை அவர் நின்று பார்த்து நான் கண்டதில்லை.

ஐப்பசி மழைக்கு முன் ஸ்ரீரங்கத்துத் தோப்புகளிலிருந்து நீல வரிப் பட்டாம்பூச்சிகள் எங்கள் தோட்டத்துக்குக் கூட்டமாக வரும். மதராஸிலிருந்து வரும் பெரிய அதிகாரி ஒருவருக்கு அவற்றைக் காட்டுவதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தோட்டத்துக்கு வந்த பேராசிரியர், காய்ந்து, காற்றில் காய்கள் கிலுகிலுக்க நின்ற கிலுகிலுப்பைச் செடிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது குப்பை? எல்லாத்தையும் பிடுங்கி எறி. ரோஜாத் தொட்டிங்களைக் கொண்டாந்து வரிசையா வை."

எனக்கு வாய் எளிதில் திறக்காது. அன்று திறந்தேன். "சார், பூச்சி இந்தக் காய்ஞ்ச செடிக்குத்தாங்க வருது. தண்டுல உக்காந்து உறிஞ்சுதுங்க."

"பட்டாம்பூச்சி பூவுக்குத்தான் வரும்னு ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். கிலுகிலுப்பையை உன் பிள்ளைக்குக் குடு, ஆட்டி விளையாடட்டும்."

விரல்களைத் துடைத்துக்கொண்டு போனார். அந்தச் செடி முன்னால் அரை நிமிஷம் குனிந்து பார்க்க, அவ்வளவு படித்த மனிதருக்கு ஏன் முடியவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். ரோஜாக்களில் ஒரு பூச்சியும் இல்லை. பேராசிரியர் வெயிலைக் குறை சொன்னார். ஹாஸ்டல் சமையலறைக்குப் பின்னால், நான் பிடுங்கிப் போட்ட குவியல் முழுக்க நீலமாக இருந்தது. நான் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.