யோகன் ஏன் சேர்ச்சுக்குள் போகமாட்டார்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வசந்தி போன் பண்ணி, எடுத்த எடுப்பிலேயே அழுதார்.

“அண்ணை, ஒருக்கா வந்து இந்த மனுசனுக்குச் சொல்லுங்கோ. பிள்ளையின்ர பட்டமளிப்புக்கு ரிக்கெட் எல்லாம் போட்டாச்சு. இப்ப என்னெண்டால், ‘ஊருக்கு வாறன், உள்ளுக்கு வரமாட்டன்’ எண்டு நிக்கிறார்!”

உள்ளே வரமாட்டாரா? பெற்ற மகளின் பட்டமளிப்புக்கா? எனக்குத் திக்கென்றது.

வசந்தியும் யோகனும் ஸ்காபரோவில் எங்கள் தெருக்காரர். யோகனுக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் கார்கோ வேலை. ஒரே மகள் அபிரா இங்கிலாந்தில் டர்ஹம் என்ற நகரத்தில் வரலாறு படித்து, இப்போது டொக்டர் பட்டம் வாங்கப் போகிறாள். டர்ஹம் என்றதும் இங்கே எங்களுக்குக் கிட்ட, ஏஜக்ஸ், விற்பி பக்கத்து டர்ஹம்தானே, 401 நெடுஞ்சாலையில் ஏறினால் அரை மணித்தியாலம் என்று நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன்!

அந்த ஊரில் பட்டமளிப்பு நடப்பது பெரிய தேவாலயத்துக்குள். ஓ... அதுதானா சிக்கல்?

யோகன் சேர்ச்சுக்குள் போகமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். கத்தோலிக்க நண்பர்கள் வீட்டுக் கலியாணம் என்றால், பார்க்கிங்கில் காருக்குள்ளேயே இருப்பார். பூசை முடிந்து சனம் ஹோலுக்குப் போகும்போது பின்னால் வந்து சேர்ந்துகொள்வார். ரோல்ஸ் தட்டுக்கு முன்னால் முதல் ஆள் அவர்தான். வேற்றுச் சமயத்து வாசல்படி மிதிக்காத ‘சைவப்பழம்’ என்று நக்கலடிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு சைவப்பழத்தைச் சேர்ச்சுக்குள் கூட்டிப்போவது பெரிய வேலையா என்ன? இன்டர்நெட்டைக் குடைந்தேன். குடையக் குடைய ஆடிப்போய்விட்டேன்.

டர்ஹம் ஒரு பாறைமேல் இருக்கிற நகரம். மூன்று பக்கமும் ஆறு வளைத்திருக்கிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தது யார் தெரியுமா? ஒரு பிரேதம்! கத்பேர்ட் என்ற துறவியின் உடல். வைக்கிங் கொள்ளையர்கள் அவருடைய தீவுக்கு மீண்டும் வருவார்கள் என்று பயந்த மடத்துத் துறவிகள், அவர் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார்கள். ஊர் ஊராக அலைந்தார்கள். ஓரிடத்தில் நூறு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். பிறகு அங்கிருந்தும் ஓட்டம். தூக்கியவர்கள் செத்து, அவர்களின் பின்வந்தவர்கள் தூக்கி... கடைசியில் இந்தப் பாறையில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

செத்த பிறகும் அகதி! கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அவருக்காக எழும்பியதுதான் அந்தப் பெரிய தேவாலயம். நான் யோகனுக்கென்று எடுத்து வைத்ததோ அதன் வடக்கு வாசல் கதவின் கதையை. அதில் ஒரு பயங்கரமான மிருக முகம்; அதன் வாயில் வெண்கல வளையம். கொலைப்பழியோடு துரத்தப்படுகிறவன் ஓடிவந்து அந்த வளையத்தைப் பிடித்துத் தட்டிவிட்டால், முப்பத்தேழு நாளுக்கு ஒருவரும் அவனைத் தொடமுடியாது. சாப்பாடு, படுக்கை எல்லாம் தேவாலயத்தின் பொறுப்பு. அதற்குள் எதிராளியோடு சமாதானமாகப் போகவேண்டும். இல்லையென்றால் கப்பலேறி நாட்டைவிட்டுப் போகவேண்டும்.

முப்பத்தேழே நாளில் ஃபைல் குளோஸ்! வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறைக்குள் ஆறு பேர் படுத்துக்கொண்டு, அகதிக் கேஸுக்கு எப்போது கூப்பிடுவான் என்று வருடக்கணக்காகக் காத்துக் கிடந்த எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

யோகன் வீட்டுக் குசினி மேசையில் இத்தனையையும் கொட்டினேன். “இஞ்ச பாரும், உலகத்திலயே நீர் போகவேண்டிய சேர்ச் எண்டு ஒண்டு இருந்தால் அது இதுதான். ஓடிவந்தவனைக் காப்பாத்தின சேர்ச்!”

யோகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“சேர்ச் காப்பாத்தும் எண்டுதான் அண்ணை, நானும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனனான்.”

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த வசந்தி அப்படியே நின்றார்.

“ஊரில சண்டை நடக்கேக்க, செல் குண்டு விழத் தொடங்கினவுடன சனமெல்லாம் சேர்ச்சுக்குத்தான் ஓடினது. சைவக்காரர், வேதக்காரர் எண்டு ஒருத்தரும் பார்க்கேல்லை. அக்கா வரமாட்டன், வீட்டு பங்கருக்குள்ளயே இருப்பம் எண்டவ. நான்தான், ‘கோயிலுக்கு அடிக்கமாட்டாங்கள், வா’ எண்டு கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். அடிச்சாங்கள் அண்ணை. அவவை அங்கயே விட்டிட்டுத்தான் ஓடினன்.”

அக்கா செல்லடியில் செத்தவர் என்பது வசந்திக்குத் தெரியும். எங்கே என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருக்கும் தெரியாது!

எத்தனை கலியாணம்... எத்தனை பார்க்கிங்... அந்தக் காருக்குள் இந்த மனிதர் எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? நாங்கள் கையில் ரோல்ஸோடு நின்று ‘சைவப்பழம்’ என்று சிரித்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து வட்ஸ்அப் வீடியோவில் அபிரா. தாயின் முகத்தைப் பார்த்ததுமே என்ன என்று கேட்டாள். வசந்தி அழுதபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“அப்பா, அப்ப உங்களுக்கு நான் முழுக்கச் சொல்லவேணும். அங்கிள் சொன்னது ஹாஃப் ஸ்டோரிதான். அந்த கதீட்ரலுக்குள்ளயும் ஆக்கள் செத்தவை. நிறையப் பேர்.”

நான் கையைக் காட்டுகிறேன், கண்ணைக் காட்டுகிறேன். பிள்ளை, போதும், நிறுத்து! எங்கே நிறுத்தினாள்?

“அங்கிள், ப்ளீஸ், லெட் மீ ஃபினிஷ். இது ஸ்கொட்லாந்துக்காரரோட சண்டை நடந்த டைம். பிடிச்ச கைதியள் ஆயிரக்கணக்கில. பட்டினியில நடத்திக்கொண்டு வந்து, இந்த சேர்ச்சுக்குள்ளதான் பூட்டி வைச்சவை. குளிர், வயித்தோட்டம். உள்ள இருந்த மரச்சாமான் எல்லாத்தையும் எரிச்சுக் குளிர் காய்ஞ்சிருக்கினம். அரைவாசிப் பேருக்கு மேல செத்துப்போச்சினம். பக்கத்தில கிடங்கு வெட்டிப் புதைச்சவை. எங்க தாட்டது எண்டு எத்தனையோ நூறு வருசமா ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப கொஞ்ச வருசத்துக்கு முந்தி, கஃபே ஒண்டு கட்டக் கிண்டேக்கதான் எலும்பு வந்தது.”

கதவைத் தட்டியவனைக் காப்பாற்றிய இடத்தில், பிறகு கதவைப் பூட்டி மனிதர்களைச் சாகவிட்டிருக்கிறார்கள்! அவ்வளவு குடைந்தும் இது ஏன் என் கண்ணில் படவில்லை? நான் தேடியதே நல்ல கதையைத்தானே. ஆளைத் தேற்றுவதென்றால் அழகான வாசலை மட்டும் காட்டினால் போதும் என்பது எங்கள் எல்லோருக்கும் இருக்கிற எண்ணம்.

சரி, எல்லாம் கெட்டது, இனி இந்த மனிதர் விமானத்திலேயே ஏறமாட்டார் என்று நினைத்தேன். யோகன் போனைக் கையில் வாங்கினார்.

“எடுத்த எலும்பை என்ன செய்தவை?”

“மரியாதையா அடக்கம் செய்தவை, அப்பா. சேர்ச்சுக்குள்ளயும் எழுதி வைச்சிருக்கினம்.”

“என்னெண்டு? இங்க செத்தவை எண்டோ?”

“ஓம் அப்பா. இங்க அடைச்சு வைக்கேக்க செத்தவை எண்டுதான்.”

“மறைக்கேல்லையோ?”

“இல்லை, அப்பா.”

யோகன் மூக்கை உறிஞ்சினார். “அப்ப நான் வாறன்.”

என்னால் நம்பமுடியவில்லை. காப்பாற்றிய கதைக்கு அசையாத மனிதர், செத்த கதைக்கு வருகிறேன் என்கிறார்!

போன வாரம் பட்டமளிப்பு. இங்கே காலைத் தேத்தண்ணியோடு லைவில் பார்த்தேன். அண்ணாந்து பார்க்க வைக்கிற தூண்கள். மேடையில் பெயர் வாசித்த வெள்ளைக்காரர் அபிராவின் பெயரைக் கடித்துத் துப்பினார், மன்னித்தேன். கமரா சனத்தின் பக்கம் திரும்பியது. பட்டுச்சேலையில் வசந்தி. பக்கத்தில் கோட் போட்டுக்கொண்டு யோகன். உள்ளேதான் இருந்தார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் வசந்தி போன் பண்ணினார்.

“முடிஞ்ச உடன ஆளைக் காணேல்லை, அண்ணை. தேடினால், அந்தக் கைதியளைப் பற்றி எழுதி வைச்சதுக்கு முன்னால நிக்கிறார். கனநேரம் நிண்டவர். பிறகு அபிராவின்ர புரொபெசர் வந்து கை குடுத்து, நல்லாக் கதைச்சார். இவர் ஒரு சொல்லும் சொல்லாமல் விறுவிறு எண்டு வெளியில போயிட்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. ‘என்னப்பா, அவையிட்டப் போயிட்டு வாறம் எண்டு சொல்லிப்போட்டு வந்தால் என்ன குறைஞ்சு போச்சு’ எண்டு கேட்டன்.”

“அதுக்கு என்ன சொன்னவர்?”

“‘செத்தவீட்டில ஆரும் சொல்லிக்கொண்டு வாறதோ?’ எண்டார்.”