மைக் அக்கா வீட்டில் மெஷின் ஓடுது

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி கெட்டுப்போன நாளில்கூட அறிவிப்பு நின்றதில்லை. அறிவிப்பாளர் தன் அறையை விட்டு வெளியே வந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அப்படி ஒரு தொண்டை அந்த அம்மாவுக்கு. வேலை செய்யும் இடத்திலும் சரி, குடியிருக்கும் மாடிக் கட்டிடத்திலும் சரி, அவருக்குப் பெயர் மைக் அக்கா.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அணைகள் வற்றின, நிலக்கரியும் நேரத்துக்கு வரவில்லை. நாடு முழுக்க மின்சாரத் தட்டுப்பாடு. அடியோடு வெட்டாமல், சாயங்காலத்தில் ஒரு கட்டிடத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து விட்டார்கள். அளவு மீறினால் கீழே மெயின் சுவிட்ச் டப்பென்று விழும். எல்லா வீடும் இருட்டு. யாராவது இறங்கிப் போய்த் தூக்கிவிட வேண்டும். பெரும்பாலும் போகிறவர் மைக் அக்காதான். சும்மா ஏறி வருவாரா?

"யார் வீட்ல கீசர் போட்டது? ஒரு நாள் பச்சத் தண்ணில குளிச்சா உடம்பு கரைஞ்சா போயிடும்? ஆளில்லாத ரூம்ல ஃபேன் யாருக்குச் சுத்துது, சுவத்துக்கா?"

இதைப் படியில் நின்று சொல்ல வேண்டியதே இல்லை. தன் வீட்டிலிருந்து முணுமுணுத்தாலே போதும்.

ஒரு நாள் மெயின் விழுவதும் எழுவதுமாக இருந்தது. மேல்மாடித் தையல்காரப் பெண் அயர்ன் பாக்ஸ் போட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டி, மைக் அக்கா விறுவிறுவென்று ஏறிப்போய்ப் பிளக்கையே பிடுங்கிவிட்டார். "நீ துணி தேய்க்கிறதுக்கு நாங்கெல்லாம் இருட்டுல கெடக்கணுமா?" அந்தப் பெண் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பெட்டியை நீட்டினாள். அயர்ன் பாக்ஸ் ஜில்லென்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்தால், குளியலறை வாளியில் ஹீட்டர் ராடு போட்டுத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. அவருடைய வீட்டுக்காரரே வெந்நீர் வைத்திருக்கிறார்!

மைக் அக்காவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் எழும்பவில்லை. மன்னிப்புக் கேட்கவும் கால் எழும்பவில்லை. அதன்பிறகு படியில் தையல்காரி எதிரே வந்தால், சுவரில் ஏதோ எழுதியிருப்பது போலப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவார்.

வீட்டுக்காரர் பெயிண்டர். பழைய சுவர்களைச் சுரண்டிச் சுரண்டி, அந்தத் தூசியெல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து, மூக்கில் குழாயோடும் ஒரு ஆக்சிஜன் மெஷினோடும் வீட்டுக்கு வந்தார். தேறும்வரை மெஷின் நிற்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அது கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

வந்த அன்று சாயங்காலமே மெயின் விழுந்தது. மெஷின் கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. மைக் அக்கா சிலிண்டரை மாட்டிவிட்டு, விழுந்தடித்துக் கீழே ஓடி மெயினைத் தூக்கிவிட்டு, மூச்சிரைக்க மேலே வந்தார். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது.

வீடு வீடாகக் கதவைத் தட்டி, சுவிட்சைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். எந்த முகத்தோடு கேட்பது? அத்தனை வீட்டையும் கிழித்து நார் நாராகத் தொங்கவிட்ட வாய் அது. அதனால் தன் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அணைத்தார். ஃபிரிட்ஜ், ஃபேன், கடைசி பல்பு வரை. இருட்டில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, அது ஓடும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். விசிறிக்கொள்ள ஒரு பழைய அட்டை.

மறுநாளும் அந்த வீடு இருண்டு கிடந்ததைப் பார்த்து, பியூஸ் போய்விட்டது போலிருக்கிறது என்று டார்ச்சோடு வந்து நின்றவள் தையல்காரி. உள்ளே டார்ச் அடித்தவள், பெயிண்டர் மூக்கிலிருந்த குழாயைப் பார்த்தாள்.

"என்னக்கா இது? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? அன்னைக்கு மெயின் விழுந்தது எங்க வீட்டு ராடாலதான். உன்னப் போய் அந்தப் பேச்சு பேசிட்டேன்."

"அதான் அண்ணன் மறுநாளே வந்து சொல்லிட்டாரே! 'எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத தாயி'ன்னு கெஞ்சினாரு."

பெயிண்டர் படுத்தபடியே கண்ணை இறுக மூடித் தூங்குவது போல நடித்தார்.

தையல்காரி படிக்கட்டுக்குப் போய், தன் பூனைக்குரலை எட்டின மட்டும் உயர்த்தினாள். "மைக் அக்கா வீட்ல மெஷின் ஓடுது! அண்ணனுக்கு மூச்சு மெஷின்! பார்த்துப் போடுங்க!"

 மேலே ஒரு கதவு திறந்தது. "சரி!" கீழே இன்னொன்று. "எங்க வீட்ல அணைச்சாச்சு!" வரிசையாகக் குரல்கள். எல்லாரையும் அதட்டியே பழகிய மைக் அக்கா, வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சாயங்காலமானால் யாராவது ஒருவர் படியில் குரல் கொடுப்பார். ஒவ்வொரு வீடும் பதில் சொல்லும். தையல்காரி தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்துத் தைத்தாள். இரண்டாம் மாடியில் குடியிருந்த வங்கிக்காரர் வீட்டில் பருப்பைப் பாதி வேக்காட்டில் மின்சார அடுப்பிலிருந்து இறக்கி, பானையோடு கம்பளியில் சுற்றி வைத்தார்கள். அது தானாக வெந்தது. குடும்பம் மொத்தமும் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்கடியில். எந்தச் சட்டையும் சாயங்காலத்தில் தேய்க்கப்படவில்லை, வங்கிக்காரரே கசங்கிப்போய்த்தான் வேலைக்குப் போனார். மெயின் ஒரு நாளும் விழவில்லை.

பெயிண்டர் மெல்லத் தேறினார். ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி மெஷின் வேண்டாம் என்றார். கையோடு கொண்டுபோன மெஷினை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரரைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் மைக் அக்கா வேலைக்கு ஓடிவிட்டார். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால், கட்டிடம் மங்கிக் கிடக்கிறது. வெளிச்சம் தேடி ஜன்னலோரம் உட்கார்ந்து தையல்காரி மிதித்துக்கொண்டிருக்கிறாள். வங்கிக்காரர் வாசலில் விசிறியபடி நிற்கிறார். "எங்க வீட்ல அணைச்சாச்சு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். இல்லாத மெஷினுக்காக இத்தனை பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைக் அக்கா கைப்பையை அப்படியே கீழே வைத்தார். படிக்கட்டின் நடுவில் நின்று ஒரு குரல் கொடுத்தார்.

"மெஷினத் திருப்பிக் குடுத்தாச்சு! அவருக்கு நல்லாயிடுச்சு! என் சாமிகளா, போடுங்க! எல்லாத்தையும் போடுங்க!"

பேருந்து நிலையம் வரை கேட்டிருக்கும். கைதட்டல், விசில். மாடிக்கு மாடி விளக்குகள் எரிந்தன, ஃபேன்கள் சுழன்றன, யாரோ சும்மா இருக்க மாட்டாமல் கீசரையும் போட்டார்கள்.

டப்!

ஒரு கணம் எல்லாம் இருட்டு. அடுத்த கணம் கட்டிடமே விழுந்து விழுந்து சிரித்தது. "மைக் அக்கா, போங்க, தூக்கி விடுங்க!" என்று மேலிருந்து கத்தினாள் தையல்காரி.

"இருங்கடா, வரேன்!" என்றார் மைக் அக்கா. ஆனால் உடனே இறங்கவில்லை. முதலில் தன் வீட்டுக்குள் போய், இருட்டில் கட்டிலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். வெளியே அத்தனை சிரிப்புக்கு நடுவிலும், பெயிண்டர் நிதானமாக மூச்சு விடுவது அவருக்குக் கேட்டது.