சட்டென்று ஒத்துக்கொண்டவன்

அரசுத் தரப்பு வக்கீலான அந்த அம்மாளுக்கு நீதிமன்ற வட்டாரத்தில் 'நோண்டி' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்றால்கூட இவள் சாட்சி கேட்பாள் என்பது கணவரின் புகார்.

தையல்கடை எரிந்த வழக்கில் நோண்ட ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது. கடைக்காரருக்கும் அவர் மைத்துனனுக்கும் தீராப் பகை. முந்தின நாள் தெருவில் வாய்ச்சண்டை முற்றி, 'உன் கடை பற்றியெரியும் பார்' என்று மைத்துனன் கத்தியிருக்கிறான். தீப்பிடித்தபோது அவன் ஓடியதை எதிரே பழம் விற்பவள் பார்த்திருக்கிறாள். வழக்கம்போல அரசு வக்கீல் அம்மாள் அவனுடைய வக்கீலிடம் பேரம் பேசினாள்: குற்றத்தை ஒத்துக்கொண்டால் ஒரு வருடம், எதிர்த்து நின்று தோற்றால் ஏழு வருடம் கேட்பாள்.

மறுநாளே சம்மதம் வந்துவிட்டது. அதுதான் அவளை உறுத்தியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மல்லுக்கு நிற்பவன், இதற்கு மட்டும் ஏன் மறுபேச்சு பேசவில்லை? அவனுடைய வக்கீலையும் அழைத்துக்கொண்டு, அவனை அடைத்திருந்த சிறைக்கே போனாள்.

"உண்மையிலேயே நீங்கதான் தீ வச்சீங்களா?"

அவன் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் விட்டத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க மேடம்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிறீங்க?"

"ஏழு வருஷம்னு நீங்கதானே சொன்னீங்க. பொண்ணு இன்னும் கைக்குழந்தை. ஒரு வருஷம்னா அவளுக்கு என் முகமாவது தெரியும்."

அந்த ஏழு, அவள் மேசை முன் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அதற்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

தீயை அணைக்கத்தான் ஓடினேன் என்று அவன் சொன்னான். சொன்னால் ஆயிற்றா? நேராகப் பழக்கடைக்குப் போனாள். ஓடியவன் கையில் என்ன இருந்தது என்று கேட்டாள்.

"தண்ணி வாளிங்க. பாதித் தண்ணி என் பழத்து மேலதான் கொட்டிச்சு."

"இதை ஏம்மா போலீஸ்கிட்ட சொல்லலை?"

"ஓடினானான்னு கேட்டாங்க. ஓடினான்னு சொன்னேன். வேற ஒண்ணும் யாரும் கேக்கலையே."

தையல்காரர் முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு, அவனும் தண்ணீர் ஊற்றியது உண்மைதான் என்று முனகினார். இஸ்திரிப் பெட்டியை அணைத்தீர்களா என்று கேட்டபோது, சத்தியமாக ஞாபகமில்லை என்றார்.

ஜெயிக்கிற வழக்கை யாராவது கைவிடுவார்களா என்று மேலதிகாரி சிடுசிடுத்தார். பழக்காரி சொன்னதை அவள் ஒரு வார்த்தை மாற்றாமல் அவரிடம் சொன்னாள். அவர் வழக்கைத் திரும்பப் பெறச் சம்மதித்தார். நீதிபதியும் அனுமதித்தார்.

வெளியே வந்தவன் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை துலங்கவில்லை. மாமனும் மச்சானும் இன்னமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அடுத்த வாரம் அவள் பதிவறைக்குப் போய், பேரம் பேசியதும் சட்டென்று ஒத்துக்கொண்டவர்களின் பழைய வழக்குக் கட்டுகளை எடுத்துத்தரச் சொன்னாள். முடிந்துபோன வழக்குகள் எதற்கு என்று எழுத்தர் கேட்டார்.

"தெரியலை," என்றாள். "பாத்தாத்தான் தெரியும்."