பேனா மூடி கடிக்கும் டாக்டரம்மா

நோயாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டாக்டரம்மா சட்டைப் பையைப் பார்த்துவிடுவார். சிகரெட் பெட்டியால் பை சதுரமாகப் புடைத்திருக்கிறதா, துணி அந்த இடத்தில் மட்டும் தொய்ந்திருக்கிறதா என்று ஒரு நோட்டம். பிறகுதான் "வாங்க, உட்காருங்க." காய்ச்சலோடு வந்தவரானாலும் சரி, சுளுக்கு என்று நொண்டிக்கொண்டு வந்தவரானாலும் சரி, இந்தச் சோதனை முடியாமல் ஸ்டெதாஸ்கோப் காதில் ஏறாது.

என் மருந்துக்கடைக்கு நேர் மேலே மாடியில் டாக்டரம்மாவின் கிளினிக். சளி முதல் சர்க்கரை வரை எல்லாம் பார்க்கிற குடும்ப டாக்டர்தான். ஆனால் புகை பிடிக்கிறவர் ஒருவர் கையில் சிக்கிவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்கவே மாட்டார். "எத்தனைன்னு கேட்டா பாதியைத்தான் சொல்லுவாங்க. நான் எதுக்குப் பொய் சொல்ல வைக்கணும்?" அவர் கேட்பது ஒன்றுதான்: "காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?" பல் தேய்ப்பதற்கு முன்பே என்று பதில் வந்தால் அவர் முகம் மாறிவிடும். சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கத் தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டையில் பெரிய அளவாக எழுதி என்னிடம் அனுப்புவார். மேல் கையில் ஒட்டி, உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்த வேண்டும் என்பது கூடவே வரும் கட்டளை.

நிக்கோட்டின் சூயிங்கம் பாடம் தனி வேடிக்கை. "ஆடு மாதிரி அசை போடாதீங்க. நாலு கடி, காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கிடுங்க" என்று வெறும் வாயை மென்று காட்டி, கன்னத்தை உப்பவும் வைத்துக்கொள்வார். அடுத்த நோயாளி உள்ளே வரும்போதும் கன்னம் அப்படியே இருக்கும். பல்வலியா என்று விசாரித்தவர்கள் உண்டு.

ஊரார் வாய்ப்பழக்கத்தையெல்லாம் நிறுத்துகிறவருக்கு ஒரு வாய்ப்பழக்கம் இருக்கிறது. பேனா மூடியைக் கடிப்பார். கவலை கூடக் கூட மூடி தேயும். மாடியில் நிலவரம் எப்படி என்று அந்த மூடியைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன்.

சென்ற மாதம் மூடியில் பாதிதான் மிச்சம். காரணம் எங்கள் தபால்காரர்.

மனிதர் நாலு வீடு நடந்தால் ஐந்தாவது வாசலில் நின்று விலாசம் படிப்பதுபோல் பாவனை செய்வார். வருடக்கணக்காக அதே தெருக்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தபால் போட்டுவிட்டு வருவார். கெண்டைக்கால் வலி அடங்குவதற்காகத்தான் நிற்கிறார் என்று கண்டுபிடித்தவர் டாக்டரம்மா. காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பெரிய டாக்டர், புகையை விடாவிட்டால் செய்தும் பயனில்லை, பிறகு காலை எடுக்க வேண்டியதுதான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவ்வளவும் தபால்காரரே என் கடையில் நின்று சொன்னது. ஒரு நோயாளியின் கதையை டாக்டரம்மாவின் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

பட்டை ஒட்டிக்கொண்டு சில வாரங்கள் ஒழுங்காக வந்தார். பிறகு ஆளைக் காணவில்லை. போனையும் எடுக்கவில்லை. எனக்கு வரும் தபாலைக்கூட நான் கடை திறப்பதற்கு முன்பே கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். மாடி ஜன்னலில் டாக்டரம்மாவின் தலை அடிக்கடி தெரிந்தது. தபால்காரரின் மனைவி தலைவலி மாத்திரை வாங்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஒண்ணே ஒண்ணு பிடிக்கணும்போல இருந்துச்சாம் அண்ணா. பட்டையோட பிடிச்சா டாக்டரம்மாவை ஏமாத்துற மாதிரின்னு, அதைப் பிச்சுப் போட்டுட்டுப் பிடிச்சாராம். ஒண்ணோட நிக்கல, இப்ப பழையபடி ஊதித் தள்ளுறார். எந்த முகத்தோட அங்க போறதுன்னு கேக்குறார்."

ஏமாற்றக் கூடாதென்று மருந்தைப் பிய்த்து எறிந்த யோக்கியர். அந்த நேர்மையை நினைக்க எனக்கு எரிச்சலாக வந்தது. மாடிக்குப் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"மறுபடி பிடிச்சதுக்கு நான் பயப்படல. முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது சறுக்குவாங்க. வெக்கப்பட்டு வராம இருந்துடுறாங்க பாருங்க, அதுலதான் எனக்கு உயிரே போகுது." மூடியைப் பேனாவில் செருகினார். "நாளைக்குக் கடையைச் சீக்கிரம் திறக்க முடியுமா?"

மறுநாள் கதவைப் பாதி மட்டும் திறந்துவைத்தேன். டாக்டரம்மா உள்ளே இருமல் மருந்து அலமாரியை ஒட்டி நின்றார். வாசலில் நிழல் ஆடும்போதெல்லாம் நிமிர்ந்தார்.

"இன்னிக்குத் தபாலே இல்லைன்னா?"

"ஏதாவது ஒண்ணு வரும் டாக்டர்" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் நம்பிக்கை இல்லை.

காலை இழுத்தபடி தபால்காரர் வந்தார். உறையைச் செருகக் குனிந்தவர் டாக்டரம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அதை மூடிக்கொண்டது.

"நான் உங்களை ஏமாத்தல டாக்டரம்மா. பட்டையைக் கழட்டிட்டுத்தான் பிடிச்சேன்."

டாக்டரம்மா பையைப் பார்க்கவில்லை. "பட்டை இருந்திருந்தா ஒண்ணோட நின்னிருப்பீங்க. திருடன் வந்துட்டான்னு காவலாளியையா வீட்டுக்கு அனுப்புவாங்க? கையைக் காட்டுங்க."

என்னிடம் ஒரு பட்டை வாங்கிப் பிரித்தார். சட்டைக் கையைத் தானே சுருட்டிவிட்டு, ஒட்டி, உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பத்து எண்ணியாயிற்று. மாடியிலிருந்து நர்ஸ் ஒருமுறை கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். டாக்டரம்மாவின் கை அங்கேயே இருந்தது.