கோச்சிக்காரர் பிலிப்பு அண்ணனின் பயம்

செவ்வாய்க்கிழமை காலை, நல்ல மழை. அலுவிகாரையில் என் பெயர்ப்பலகைக் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது பிலிப்பு அண்ணனின் மகள் ஸ்டெல்லா போன் பண்ணினாள்.

"சித்தப்பா, அப்பா போயிட்டாரு."

"மண் சரிஞ்சிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்ல சித்தப்பா, நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. போனவர் என் உயிர் நண்பர், அதில் எனக்கு நிம்மதி! எல்கடுவ மலைப் பக்கம் மழைக்காலத்தில் யார் இறந்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வாயில் வருகிறது. மனம் அப்படி ஆகிவிட்டது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிலிப்பு அண்ணன் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேயிலை மலைக்குக் கீழே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சற்றுத் தள்ளி அவருக்குச் சொந்த வீடு. அவரைப் போலப் பயந்தவரை நான் கண்டதில்லை. இடிக்குப் பயம், பாம்புக்குப் பயம், வளைவில் வேகமாகத் திரும்பும் பஸ்ஸுக்குப் பயம். வஹகோட்டை அந்தோனியாருக்கு அவர் வைத்த நேர்த்திகளுக்குக் கணக்கில்லை. மாத்தளை ஸ்டேஷனில் நிற்கும் பெரிய ரயிலில் ஏறக்கூடத் தைரியம் போதாது. ஆனால் ரயில் என்றால் உயிர். அதுவும் அகலம் குறைந்த தண்டவாளத்தில் ஒரு காலத்தில் மலையேறிய சின்னக் கோச்சிகள். "அது நம்ம சைஸ் கோச்சி தம்பி. ஆளக் கொல்ற வேகம் அதுக்குக் கெடையாது" என்பார்.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் கோச்சிகளைக் கையடக்கமாகச் செய்யத் தொடங்கினார். தகரத்தில் எஞ்சின், மரத்தில் பெட்டிகள். வர்ணமும் எழுத்தும் என் வேலை. பொழுதுபோக்காகத் தொடங்கியது சின்ன வியாபாரமாயிற்று. சுற்றுலா விடுதிகள் வாங்கின, வெளிநாட்டிலிருந்தும் ஓடர் வந்தது. முன்னறையில் நீளமாக மேசை அடித்து, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, தண்டவாளம் போட்டிருந்தார். எந்தப் பெட்டியும் அதில் நின்று காட்டாமல் பார்சலுக்குள் போகாது. "கைய எடுத்தா நிக்கணும், ஊதுனா ஓடணும்." இதுதான் அவருடைய சட்டம். பெட்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவோம். திரும்பி வரும்போது அது அதே இடத்தில் நிற்க வேண்டும்.

சென்ற மழைக்காலத்தில் பெட்டிகள் நிற்க மறுத்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், குசினிப் பக்கத்து மேசை முனைக்கு ஓடிப்போய் முட்டிக்கொண்டு கிடக்கும். சில்லு சரியாக உருளவில்லை என்றேன் நான். வர்ணம் ஒரு பக்கம் கூடிவிட்டது என்றார் அவர். இருவரும் நன்றாகச் சண்டை பிடித்தோம். பிறகு காட்போட் துண்டை மடித்து மேசைக் காலுக்குக் கீழே சொருகினோம். மறுநாள் மறுபடியும் ஓடியது. இன்னொரு துண்டு. ஓடர் அவசரத்தில் எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாளும் சொருகக் குனிந்தவர் வெகுநேரம் எழும்பவில்லை. சுவரும் தரையும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, மேச எறங்கல. வீடு எறங்குது."

"வாங்கண்ணே, டவுனுக்கு ஓடிரலாம்" என்றேன். தூறலுக்கே வெளியே வராத மனிதர், குடையும் எடுக்காமல் கொட்டும் மழையில் மேலே லயத்துக்கு ஓடினார். பின்னால் நானும்.

மலை சரியப் போகிறது என்று கதவு கதவாகத் தட்டினார். சிலர் சிரித்தார்கள். கொழுந்து பறிக்கும் ராசாத்தி அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்கய்யா, ஒங்க வெளையாட்டுக் கோச்சி ஓடுச்சுன்னு நாங்க வீட்ட விட்டு ஓடணுமா? போன வருசமும் இப்படித்தான் சொன்னீங்க."

அது உண்மைதான். புலி வருது, புலி வருது என்று அவர் சொல்லாத மழைக்காலம் கிடையாது. அண்ணன் வாதாடவில்லை. நனைந்தபடி அந்த வாசல் இஸ்தோப்புத் திண்ணையிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

"நீங்க பயப்பட வேணாம்மா. எனக்குத்தான் பயமா இருக்கு. நான் ஸ்கூலுக்குப் போயிடுறேன். அங்க தனியா இருக்க முடியாது. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எனக்குத் தொணைக்கு வாங்க."

கிளாக்கர் ஐயா அழுவதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. பாவம் பார்த்தே கிளம்பினார்கள். பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு, அவரைக் கேலி செய்தபடி லயமே பாடசாலைக்கு நடந்தது.

விடிந்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தரைக்கு அடியிலிருந்து உறுமிக்கொண்டு வந்தது. எல்லாம் அடங்கியபின் பார்த்தால், லயத்தில் பாதி இல்லை. அண்ணனின் வீடு இருந்த இடமே தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. ராசாத்தி அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

தைரியசாலி என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அவருக்கு அது பிடிக்காது. "பொய் சொல்லாதீங்க. நான் பயந்தேன், அவ்வளவுதான்" என்பார். டவுன் வாடகை அறையிலும் மழை பெய்தால் தூங்கமாட்டார். லயத்துக் குடும்பங்களுக்குப் புது வீடு இன்னும் கிடைக்கவில்லை. லயத்தில் இடியாமல் மிஞ்சிய காம்பரா அறைகளுக்கே, அதே மலைக்குக் கீழே, திரும்பிவிட்டார்கள். வானம் இருட்டினால் அண்ணன் போனை எடுத்துவிடுவார்: "ராசாத்தி, வெடிப்பு ஏதும் இருக்கான்னு பாத்தீங்களா?" அந்தப் பயம்தான் அவர் நெஞ்சைத் தின்றது என்று நினைக்கிறேன்.

அவர் இறந்த மறுநாள், புதன்கிழமை அடக்கம். ஃபாதர் செபம் முடித்துப் போன பிறகும் லயத்து ஆட்கள் கலையவில்லை. தூறல் வலுத்தது.

"வீட்டுக்குப் போங்கக்கா, பிள்ளைங்க நனையுது" என்றேன்.

ராசாத்தி அக்கா மலையைப் பார்த்தார்.

"எங்களுக்காகப் பயப்படுற ஆளையே பொதச்சுட்டோம். இந்த மழையில அந்த வீட்டுக்கு எப்படிங்க போறது?"

போய் வாருங்கள் அண்ணே. மழை விடும்வரை நாங்கள் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறோம்.