மேப்பிள் காட்டில் ஒதுங்கப் போனது

டென்மார்க்கின் சில்க்போர்க் காட்டில் மேப்பிள் மரத்தைத் துளையிட்டுச் சாறு எடுத்து, அதைப் பாணியாகக் காய்ச்சிக் காட்டும் ஒரு மாசி மாதப் பின்னேர நிகழ்ச்சிக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். இடையில் எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. டேனிஷ்காரர்கள் பக்கத்து மரத்தின் பக்கம் திரும்பி நின்றே காரியத்தை முடித்தார்கள். கூட்டத்தில் எங்கள் சம்பந்தியும் நின்றதால், மானஸ்தனான நான் அடுப்புப் புகையே கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை நடந்தேன்.

முடித்துவிட்டுத் திரும்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மொட்டை மரம், ஒரே சருகு. வெளிச்சம் வேறு போய்க்கொண்டிருந்தது. இந்த யூலாந்துப் பக்கக் காடுகளில் ஓநாய் திரிகிறது என்று செய்தியில் கேட்டது அப்போதுதானா ஞாபகம் வரவேண்டும்! பின்னால் ஒரு சுள்ளி முறிந்தது. மனைவியைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“எங்க நிக்கிறியள்?”

“மரத்துக்குப் பக்கத்தில.”

“எந்த மரம்?”

“பெரிய மரம்.”

“விசர்க் கதை கதையாதேங்கோ. கத்துங்கோ, வாறன்.”

“சம்பந்திக்குக் கேக்குமப்பா.”

“கேக்கட்டும். கத்துங்கோ!”

மறுபடி சுள்ளி முறிந்தது. கைப்பேசியும் அணைந்தது. “ஐயோ, இஞ்ச நிக்கிறன்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டே நின்றேன்.

கடைசியில் மரங்களுக்கிடையே மனைவி ஓடி வந்தாள். பின்னால் சம்பந்தி, பாணி கிண்டும் அகப்பையுடன். “ஓநாய்க்கு அடிக்கவோ அகப்பை?” என்று பகிடி விட வாயைத் திறந்தேன். பல் தந்தியடித்ததில் சொல் வரவில்லை. மனைவி என் கையைப் பிடித்தாள். கார் வரைக்கும் விடவில்லை.